கரடிப்பாறை ஜீப்

மார்ச் 9, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. நான் வேலை பார்க்கிற ஏலக்காய் ஸ்டோரில் புதுக்காய் இறங்கியிருக்கிறது. சல்லடையில் போட்டுப் பெரிது சிறிது பிரித்து, வெளுத்ததையும் வெடித்ததையும் பொறுக்கி முடிப்பதற்குள் கழுத்து போய்விட்டது. போடிக்குள் நுழைந்தாலே ஏலக்காய் மணக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் மூக்குக்கு அது மணப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

சாயங்காலம் மகள் வினோதினியோடு பாத்திரக்கடைக்குப் போனேன். சித்திரையில் அவளுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இன்னும் சீர்ச்சாமான் வாங்கி முடியவில்லை. கடைக்காரர் ஒரு இரும்புத் தோசைக்கல்லைத் தூக்கித் தட்டிக் காட்டினார்.

"அது வேணாண்ணே. இரும்புன்னா எங்கப்பா தூக்கிட்டுப் போயி ஜீப்புல வச்சிருவாரு" என்றாள் வினோதினி.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்பில் நான் உட்காருகிற இடது பக்கத்தில் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. நான் ஸ்டோருக்குப் போயிருந்த நேரத்தில் அவர் என் தோசைக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்து போல்ட்டு போட்டுவிட்டார். கல்லின் கைப்பிடிக் காதைக்கூட அறுக்கவில்லை. அது நிமிர்ந்து நின்று என் சேலையைக் கிழித்தது. "கல்லு வாங்காம வந்தா இனி இட்லிதான்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு இட்லி ஆகாது. தோசைதான், அதிலும் பிய்ந்து போகிற முதல் தோசையைத்தான் முந்திக்கொண்டு எடுப்பார்.

கடைசியில் நான்ஸ்டிக்கே வாங்கினோம்.

மார்ச் 11, புதன்

உத்தமபாளையத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், பெண்ணின் அப்பா பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"தப்பா நெனைக்காதீக. இருக்காருன்னா வெறும் பேரு போதும். இல்லைன்னா தெய்வத்திருன்னு போடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இருக்கிறார் என்று போடுங்கள் என்றேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றப் போனவர் திரும்பவில்லை. ஆள்களை இறக்கிவிட்டு ஜீப்போடு எங்கேயோ போய்விட்டார். மூணாறில் ஒருத்தியோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார், கோட்டயத்தில் ஹோட்டல் வைத்திருப்பதாக இன்னொருவர். ஊர் எனக்குப் பெயர் வைத்தது, ஓடிப்போனவன் பொண்டாட்டி என்று. ஓடிப்போனவனும் உயிரோடு இருப்பவன்தானே. ஆகவே நான் பொட்டு வைக்கிறேன், தாலி போட்டிருக்கிறேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. எங்க வழக்கத்துல பெத்தவதான் பொண்ணக் கைபிடிச்சு மணவறைக்குக் கூட்டியாரணும். புருஷன் இல்லாதவுக அங்கிட்டு வரக்கூடாது, வேற ஆளத் தேடணும். நீங்களே கூட்டியாரலாம்" என்றார்.

ஓடிப்போனதால் ஒரு நன்மை.

மார்ச் 12, வியாழன்

மேட்டுக்குப் போகும் மலைரோட்டில் கரடிப்பாறை வளைவுக்குக் கீழே போன வாரம் தீப்பிடித்தது. உண்ணிச்செடிப் புதர் எல்லாம் எரிந்து போனதில், பள்ளத்துக்குள் ஒரு ஜீப் கிடப்பது தெரிந்திருக்கிறது. பழைய ஜீப். உள்ளே எலும்பு இருக்கிறதாம்.

செய்தியைக் கொண்டுவந்தது என் கொழுந்தன் தவசி. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு வந்தான்.

"மதினி, அண்ணன் ஜீப்பா இருக்குமோ?"

மலையில் விழுந்த ஜீப் எத்தனையோ என்றேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

மார்ச் 14, சனி

ஜீப்பைக் கயிறு கட்டி மேலே இழுத்து ஸ்டேஷன் பின்வாசலில் போட்டிருக்கிறார்கள். அடையாளம் பார்க்க என்னையும் தவசியையும் வரச் சொன்னார்கள். வினோதினியை வர வேண்டாம் என்றேன். கல்யாணப் பெண் பார்க்கிற காட்சியா அது.

எஸ்.ஐ. சின்ன வயசு, பொறுமையானவர். நிலவரத்தைச் சொன்னார். நம்பர் பிளேட் இல்லை. வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்ணைத் துரு தின்றுவிட்டது. பெயின்ட்டைத் தீ தின்றுவிட்டது. மூக்குக் குப்புற விழுந்ததில் பானட்டும் கிரில்லும் பிய்ந்து எங்கேயோ போய்விட்டன, சட்டம் இரண்டாக மடிந்திருக்கிறது. எலும்பை மதுரைக்கு அனுப்பியிருக்கிறது, முடிவு வர மாதக்கணக்காகும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் காணாமல் போன ஜீப் இரண்டுதான். ஒன்று எங்களுடையது, மற்றது ஒரு எஸ்டேட்டிலிருந்து திருடு போனது. எங்களுடையது சிஜே த்ரீ பி, உயர்ந்த பானட் வைத்த பெட்ரோல் வண்டி. எஸ்டேட்டுடையது எம்.எம். 540, டீசல்.

"எந்த மாடல்னு தெரிஞ்சா ஆளும் தெரிஞ்சிரும்மா" என்றார்.

மாடல் சொல்லக் காதர் பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். போடியில் ஓடுகிற பாதி ஜீப் அவர் பட்டறையில் படுத்து எழுந்தவைதான். அவர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார், தட்டினார், விரலால் துருவைச் சுரண்டினார்.

"டீசல் எஞ்சின் சார். 540-ல வர்ற எஞ்சின்."

"எஞ்சின மாத்தியிருக்கலாம்ல?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"ஊருல எல்லாரும் மாத்துனாய்ங்க சார், இல்லேங்கல. ஆனா தங்கச்சி வீட்டுக்காரரு மொக்கராசு வண்டியில ஒரு நட்டு கழட்டணும்னாலும் என் பட்டறைக்குத்தான் வருவாரு. அந்த மாசம்கூட நாந்தான் கார்பரேட்டர் கழுவுனேன். என்னைய விட்டுட்டு வேற பட்டறைக்கு அவரு போகமாட்டாரு."

ஜீப்பிலிருந்து எடுத்த இரும்புகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். காதர் பாய் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஏதோ வட்டத் தகடு. "இந்தத் தகடும் 540 சாமானாத்தான் இருக்கும். சிஜேல இப்பிடி ஒண்ணு நான் பாத்ததில்ல" என்று அதையும் சாட்சி ஆக்கினார்.

தவசி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். செத்தது அண்ணன் இல்லை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும். அவன் அழுதது வேறு மாதிரி இருந்தது.

நானும் ஜீப்பைச் சுற்றி வந்தேன். இடது பக்கத் தரையில் ஒட்டுப் போட்டிருந்தது. எல்லா ஜீப்பிலும் ஒட்டு இருக்கும். எஸ்.ஐ. என்னைக் கேட்டார். காதர் பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். என் வீட்டுக்காரர் கடைசி வாரம் கம்பம் போய்விட்டு வந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சேலை ஓரம் கிழிந்திருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். சேலை ஓரத்தைத் தைத்தேன்.

வினோதினி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "இடது பக்கம் தரையப் பாத்தியாம்மா?"

பார்த்தேன், ஒட்டுப் போட்டிருந்தது என்றேன்.

"என்ன ஒட்டு?"

"இரும்பு ஒட்டு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்தக் காது அவள் பள்ளிக்கூடப் பாவாடையையும் ஒரு தடவை கிழித்திருக்கிறது.

மார்ச் 18, புதன்

அமாவாசை. பக்கத்து வீடுகளில் இலை போட்டுக் காக்கையைக் கூப்பிட்டார்கள். நாங்கள் இந்தப் பதினொரு வருஷமாக வைப்பதில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு எப்படி வைப்பது.

இன்று சோறு கொஞ்சம் கூடுதலாகிவிட்டது. வீட்டில் வைத்தால் எறும்பு வரும் என்று ஒரு பிடியைச் சுவர்மேல் வைத்தேன். காக்கை ஒன்றும் வரவில்லை. அணில் தின்றது.

மார்ச் 20, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது. ஸ்டோரில் என்னோடு காய் பொறுக்குகிற குருவம்மா சத்தமாகப் படித்தாள். எஸ்டேட் ஜீப்பைத் திருடிக்கொண்டு போனவன் பள்ளத்தில் விழுந்து செத்தது பல வருஷம் கழித்துத் தெரிந்ததாம். எலும்பை யாரும் கேட்டு வராவிட்டால் போலீசாரே அடக்கம் செய்வார்களாம்.

"தெய்வம் நின்னு கொல்லும்ங்குறது சரியாத்தான் இருக்கு. திருட்டுப்பய, எடுத்த வண்டியிலயே போய்ச் சேந்தான் பாரு" என்றாள் குருவம்மா. எல்லோரும் ஆமாம் போட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. திருடனைத் திருடன் என்று சொல்வதில் என்ன கெட்ட எண்ணம்.

நான் நல்ல காயையும் வெடித்த காயையும் ஒரே கூடையில் போட்டுவிட்டேன். மேஸ்திரி வந்து, "பவளம், இது நீ பிரிச்சதுதானா?" என்று கேட்டார். இந்த வேலைக்கு வந்த பிறகு என்னை ஒருவர் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 21, சனி

இதை இங்கேயாவது கணக்காக யோசித்துப் பார்க்கிறேன்.

சொன்னால் நான் விதவை. சம்பந்தியம்மாவின் வழக்கப்படி மணவறைப் பக்கம் போக முடியாது. வீட்டில் ஒரு சாவு விழுந்த கையோடு கல்யாணம் வைக்க அவர்கள் சம்மதிப்பார்களா என்பதும் தெரியாது. அப்பன் எலும்பு கிடைத்த நேரம் சரியில்லை என்று யாராவது ஒரு வார்த்தை விட்டால் போதும், பெண்ணின் வாழ்க்கையில் கல் விழும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குள் புதைத்துவிடுவார்கள். திருடன் என்று.

ஓடிப்போனவன் பொண்டாட்டி என்றது என்மேல் விழுந்த பேச்சு. எனக்கு வாய் இருந்தது, முறைக்கக் கண் இருந்தது, தாங்கினேன். இது அவர்மேல் விழுகிறது. எஸ்டேட்டில் ஆள் இறக்குகிற இடத்தில் கீழே கிடந்த ஏலக்காயைக்கூட எடுத்து வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வருகிற ஆள் அவர். சில நேரம் எனக்கே எரிச்சலாக இருக்கும், ரெண்டு காயைப் பாக்கெட்டில் போட்டால் டீக்கு ஆகாதா என்று.

அழவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, புக் செய்ய வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

பத்திரிகை மாதிரி போனில் வந்தது. திரு. மொக்கராசு – திருமதி. பவளக்கொடி தம்பதியரின் மகள் என்று போட்டிருந்தது. எழுத்துப்பிழை இல்லை. சரி என்று பதில் அனுப்பு என்று வினோதினியிடம் சொன்னேன்.

"நீயே அனுப்பு" என்றாள்.

"எனக்கு இதெல்லாம் அனுப்பத் தெரியாது."

"சேதி அனுப்பத் தெரியும். பொய் அனுப்பத்தான் தெரியல உனக்கு." போனை என் மடியில் வைத்தாள். "சனிக்கிழமை நானும் ஸ்டேஷனுக்குப் போனேம்மா, நீ வந்ததுக்கப்புறம். உன் சேலை நூலு அந்தக் காதுல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் எடுத்துப்போட்டேன்."

"அப்ப ஏன்டி நீ சொல்லல?"

"நீ என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். ஒரு வாரமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருக்கிறோம். கட்டிக்கொண்டு அழுதோம். இதை எழுதுவதற்கு வெட்கமில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஸ்டோருக்கு லீவு சொன்னேன். தவசியைக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் காதர் பாய் பட்டறைக்குப் போனேன். முதலில் அவரிடம் சொல்வதுதான் முறை.

"பாய், அவரு கடைசி வாரம் கம்பம் போயி எஞ்சின மாத்திட்டாரு. டீசலு போட்டாரு. உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீகன்னு, ஓட்டிப் பாத்துட்டு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னாரு. மறுநா காலையில போனவருதான்."

பாய் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கம்பத்துலயா?" என்று கேட்டார். பிறகு, "நான் பெரிய எஞ்சின் கொடுத்தா வண்டி தாங்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. அதான் என்கிட்ட வரல." எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அடையாளம் என்ன என்றார்.

"இடது பக்கத் தரையில ஒட்டுப்போட்டிருக்கிறது என் தோசைக்கல்லு சார். வெளிம்புல ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், நான் அம்மிமேல போட்டது. காது நிமிந்திருக்கும். அங்க உக்காந்து எந்திரிச்சுப் பாருங்க, துணியப் பிடிக்கும்."

உட்காரச் சீட் இல்லை. அவர் குனிந்து பார்த்தார், தடவினார். தோசைக்கல்தான். தவசி அந்தத் துருப்பிடித்த வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எண்ணே, ஓடிப்போயிட்டேன்னு நெனச்சேனே" என்று அழுதான். காதர் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எஸ்.ஐ. யோசனையாக நின்றார். பிறகு உள்ளே போய்ச் சாக்கை எடுத்துவந்து அவிழ்த்து, அந்த வட்டத் தகட்டை வெளியே எடுத்தார். துரு மேலே பொருக்காக நின்றது. ஒரு பக்கம் வளைந்து, காது ஒன்று.

"ஏம்மா, ஒரு ஜீப்புல எதுக்கு ரெண்டு தோசைக்கல்லு? ஒண்ணு தரையில. இது பின்னாடி டூல் பாக்ஸ்குள்ள இருந்துச்சு. ஜீப்பு சாமான்னு எழுதி வச்சிருக்கோம்."

காதர் பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

மார்ச் 25, புதன்

கல் புதுசு. பழகாத கல். அடியில் கரியே இல்லை, துரு மட்டும்தான். மேலே பூப்பாறைச் சந்தையில் இப்படித்தான் விற்பார்கள். வாங்கி, டூல் பாக்ஸில் பத்திரமாக வைத்து, இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதைத் தாண்டி எங்கும் போகவில்லை, மூணாறு போகவில்லை, கோட்டயம் போகவில்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

இட்லிக்குப் பயந்து.

மார்ச் 27, வெள்ளி

பொட்டை எப்போது எடுக்கப் போகிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பதினொரு வருஷம் ஆறிப்போன சாவுக்கு இப்போது என்ன அவசரம் என்றேன். மதுரையிலிருந்து அவர் வந்து சேரட்டும், அவர் முன்னால் எதை எடுப்பது எதை வைப்பது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, வினோதினியே சொன்னாள். மத்தியானம் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

"தேதிய மாத்துவோம். பொண்ண மாத்த மாட்டோம். அதச் சொல்லத்தான் வந்தேன், காப்பித்தண்ணி போடுங்க."

காப்பி குடித்துவிட்டுக் கல்லைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம் ஆகிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எங்க வீட்டுல நானும்தான் மணவறைப் பக்கம் போகமுடியாது. மாப்பிள்ளையப் பெத்தவ, தூரத்துல நிக்கணும். இந்த வழக்கத்த யாரு ஆரம்பிச்சான்னு தெரியல. நாம ரெண்டு பேரும் சேந்து போய் நின்னா, யாரு வந்து தள்ளி நில்லுங்கன்னு சொல்றதுன்னு பாப்போம்" என்றார்.

பத்திரிகையில் தெய்வத்திரு போடச் சொல்லியாயிற்று.

மார்ச் 29, ஞாயிறு

குருவம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரியாமல் பேசிவிட்டேன் என்றாள். தெரியாமல்தான் பேசினாய் என்றேன்.

கல்லைத் தேங்காய் நாரும் மண்ணும் புளியும் போட்டுத் தேய்த்தேன். துரு போகப் போக இரும்பு தெரிந்தது. ஓரத்தில் சின்னதாய் வளைவு இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய்த்து, வைத்திருக்கிறேன். மாவு ஆட்டியாயிற்று.

மார்ச் 30, திங்கள்

தண்ணீர் வரவில்லை.

வினோதினி எழுவதற்கு முன்னால் கல்லை அடுப்பில் வைத்தேன். முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. பழகாத கல்லில் அப்படித்தான் வரும். சுரண்டி எடுத்து, ஒரு இலைத்துண்டில் போட்டு, சுவர்மேல் கொண்டுபோய் வைத்தேன். இன்று அமாவாசை இல்லை, நாளும் கிழமையும் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

காக்கை உடனே வந்தது. பிய்ந்த தோசைதான், ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போயிற்று.